தென்னோலைக்கு அடியில் வெள்ளைச் சுருள், மேலே கரி: என்ன செய்வது?

கல்லடி ஊரில் வளவுத் தென்னை ஓலை கறுக்கிறது, எந்த மருந்து அடிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் மருந்துப் போத்தலை வைத்துவிடுங்கள். ஓலையைத் திருப்பிப் பாருங்கள்: யாரோ விரலால் மாவு தொட்டுச் சுழித்தது போல வட்டவட்டமாக வெள்ளை மெழுகு இருந்தால் அது சுருள் வெள்ளை ஈ. நடு அமெரிக்காப் பக்கத்துப் பூச்சி, 2016இல் இந்தியாவின் பொள்ளாச்சியில் கண்டார்கள், அப்புறம் நம் இலங்கைக்கும் வந்துவிட்டது. அது சாற்றை உறிஞ்சி வடிக்கும் இனிப்பு நீரில்தான் அந்தக் கரும்பூஞ்சணம் வளர்கிறது.

கடும் பூச்சிகொல்லி அடித்தால் ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் சின்னஞ்சிறு குளவியும் செத்துப்போகும், பிறகு ஈ இன்னும் பெருகும். கிணற்று மோட்டரில் குழாய் பூட்டி ஓலையின் அடிப்பக்கத்தில் பலமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள். குட்டை மரம் என்றால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து அடிக்கலாம். மஞ்சள் பொலித்தீனில் ஆமணக்கெண்ணெய் பூசி மரத்தில் கட்டினால் பறக்கிற ஈ ஒட்டிக்கொள்ளும். கரும்பூஞ்சணக் கரிக்கு நீர்த்த கஞ்சி தெளியுங்கள், காய்ந்ததும் செதிலாக உரிந்து விழும். பக்கத்துக் கொய்யா, வாழை இலைகளையும் கட்டாயம் பாருங்கள், அங்கேயும் இருக்கும். ஈ பிடித்த ஓலையையோ கன்றையோ தயவுசெய்து வேறு ஊருக்கு ஏற்ற வேண்டாம்.