டெடிகேட்டட் எண்ட இங்கிலிஷ் சொல்லுக்கு என்ன அர்த்தம், சிவில (வேலைக்குக் குடுக்கிற சுயவிபரத்துல) போடலாமா?

கேட்டது தம்பியா தங்கச்சியா தெரியா. டெடிகேட்டடும் ஹார்ட்வேர்க்கிங்கும் ஒண்டுதானா, கமிட்டட் டிவோட்டட் எல்லாம் என்ன, வேலைக்கு அப்ளிகேஷன் போடக்குள்ள "ஐ ஆம் அ டெடிகேட்டட் பேர்சன்" எண்டு எழுதினா சரியா, இதானே கேள்வி.

வசனத்துல இலக்கணப் பிழை இல்ல. ஆனா வாசிக்கிறவருக்கு அது ஒண்டும் சொல்லல. எதுக்கு டெடிகேட்டட் எண்டது அதுல இல்லையே.

2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில நம்மட கிழக்குப் பக்கம், மட்டக்களப்பு அம்பாறை முழுக்க என்ஜிஓக்கள், அதான் தொண்டு நிறுவனங்கள், வந்து குவிஞ்சிது தெரியும்தானே, அந்தக் காலத்துல நானும் அப்பிடி ஒரு ஒபிஸ்ல இருந்தன், வந்த அப்ளிகேஷன்கள பிரிச்சி அடுக்குறதும் என்ட தலையிலதான் விழும். வேக்கன்சி நோட்டீஸ்ல "டெடிகேட்டட் அன்ட் செல்ஃப் மோட்டிவேட்டட்" எண்டு நாங்க போடுவம், புள்ளைகள் அதையே பாத்து எழுதி எங்களுக்கே திருப்பி அனுப்புங்கள். எல்லா லெட்டர்லயும் அதே வரி கிடந்தா யார எதக் கொண்டு பிரிக்கிற?

சரி, அர்த்தத்துக்கு வாறன். லத்தீன்ல டெடிகாரே எண்டு ஒரு வினை இருக்கி. இது இன்ன தெய்வத்துக்கு எண்டு சொல்லி ஒரு பொருள ஒதுக்கி வெக்கிறதுதான் அது. நம்மட பக்கம் வைகாசியில கண்ணகை அம்மன் சடங்குக்கு எண்டு நேர்ந்து நெல்லு எடுத்து வெப்பாங்களே, வீட்டுல அரிசி முடிஞ்சாலும் அந்த நெல்லுல கை வெக்க மாட்டாங்க, அதான் டெடிகேட்டட். கம்ப்யூட்டர் ஆக்கள் டெடிகேட்டட் சேர்வர் எண்டு சொல்றதும் இதேதான், ஒரு ஆளுக்கு மட்டும் ஒதுக்கினது, வேற யாரும் பாவிக்கேலா. மட்டக்களப்பு புளியந்தீவு மரியாள் பேராலயம் "டெடிகேட்டட் டு சென்ட் மேரி" எண்டா மாதாவுக்கு ஒப்புக்கொடுத்த கோயில் எண்டு அர்த்தம், அந்தக் கட்டடம் கடுமையா உழைக்குது எண்டு யாரும் விளங்கமாட்டாங்கதானே.

இடத்துக்கு சொல்றதும் மனுசருக்கு சொல்றதும் ஒரே பேச்சுக்குள்ள வாறத பாக்கணும் எண்டா அமெரிக்க ஜனாதிபதி லிங்கன் 1863 நவம்பர் 19ல கெட்டிஸ்பேர்க் எண்ட ஊர்ல பேசினத எடுத்து வாசிங்க, சின்னப் பேச்சுதான். யுத்தத்துல செத்த ஆக்களிட மயானத்த ஒப்புக்கொடுக்கத்தான் எல்லாரும் கூடினது. அவர் என்ன சொல்றார் எண்டா, இந்த நிலத்த நம்மளால டெடிகேட் பண்ணேலா, அவங்க விட்டுட்டுப் போன வேலைக்கு உசிரோட இருக்கிற நாமதான் டெடிகேட் ஆகணும் எண்டு. நிலத்துல இருந்து ஆளுக்கு அந்தச் சொல்ல அப்பிடியே மாத்திப் போட்டுட்டார் மனுசன்.

இப்ப ஹார்ட்வேர்க்கிங். அது எவ்வளவு பாடுபடுறார் எண்டத மட்டும்தான் சொல்லும். சம்மாந்துறையில நெல்லு மூட்டை தூக்குறவர் ஹார்ட்வேர்க்கிங், நாளைக்கு வேற இடத்துல கூடச் சம்பளம் கிடைச்சா அங்க போவார், போறதுல பிழையும் இல்ல. ஆனா காரைதீவு விபுலானந்த அடிகள பாருங்க. விஞ்ஞானம் படிச்ச ஆள், அந்தப் படிப்போட வசதியா இருந்திருக்கலாம், துறவறம் போனார், பள்ளிக்கூடங்கள நடத்தினார், பேராசிரியராவும் இருந்தார். அதுக்கெல்லாம் இடையில பழந்தமிழரிட யாழ் எண்ட நரம்பு வாத்தியம் எப்பிடி இருந்தது எண்டு வருசக்கணக்கா தேடி எழுதின யாழ் நூல் 1947 ஜூன்ல அரங்கேறிச்சு, அடுத்த மாசமே காலமாகிட்டார். அவர "டெடிகேட்டட் ஸ்கொலர்" எண்டு எழுதினா ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டாங்க.

கமிட்டட் எண்டா வாக்கு குடுத்தாச்சு, இனி பின்வாங்கேலா எண்ட மாதிரி. இத தனிய சிவில போட்டுராதீங்க, நம்மட பொடியங்கள் "நான் கமிட்டட்" எண்டா ஆள் இருக்கி எண்டு அர்த்தம், இன்டர்வியூவுல அதுவா முக்கியம். டிவோட்டட்ல பாசம் கலந்திருக்கி, டிவோட்டட் மதர், டிவோட்டட் ஹஸ்பண்ட் எண்டு வரும்.

கனபேர் பிழை விடுற இடம் பின்னால வாற "டு". "டெடிகேட்டட் டு டீச்" எண்டு எழுதுறாங்க. "டெடிகேட்டட் டு டீச்சிங்" எண்டுதான் வரணும், ஏனெண்டா இந்த டு நம்மட "க்கு" மாதிரி, பின்னால பெயர்ச்சொல்லோ இங் போட்ட சொல்லோதான் வரும். லெட்டர் முடிக்கக்குள்ள "லுக்கிங் ஃபோர்வர்ட் டு மீட்டிங் யூ" எண்டு எழுதுறமே, அதுவும் இதே டுதான். கமிட்டட், டிவோட்டட் ரெண்டுக்கும் பின்னாலயும் இப்பிடியே போடுங்க.

அப்ப சிவில என்ன எழுதுற? நீங்க செஞ்சத எழுதுங்க. வாற வருமானத்த பாக்காம ஊர்ப் புள்ளைகளுக்கு சனி ஞாயிறு மெத்ஸ் படிப்பிச்சிருந்தா எந்த வருசத்துல இருந்து, எத்தின புள்ளைகள் எண்டு ஒரு வரி போதும். டெடிகேட்டட் எண்டது அநேகமா அடுத்த ஆக்கள் நம்மளப் பத்தி சொல்ற சொல்லு. சேவைநலன் பாராட்டு விழாவுல ரிட்டயர் ஆகுற டீச்சருக்கு குடுக்கிற ஷீல்ட்ல "ஃபோர் யுவர் டெடிகேட்டட் சேர்விஸ்" எண்டு மத்தவங்கதானே அடிச்சிக் குடுக்கிற. சிவி கடைசில நொன் ரிலேட்டட் ரெஃபரீஸ் எண்டு, சொந்தக்காரர் இல்லாத, நம்மளப் பத்தி சொல்லக்கூடிய ரெண்டு பேர போடுவீங்கதானே, அந்த சேர்மாருக்கு முதலே ஒரு கோல் எடுத்து எந்த வேலைக்குப் போடுறீங்க எண்டு சொல்லி வெச்சா அவங்களே அந்தச் சொல்ல சொல்லுவாங்க.