உளவு பற்றிக் கட்டுரையா? கேள்வியைக் கொண்டு வாருங்கள்

தேவிபட்டினத்துக்காரன் நான். பாதுகாப்பியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். வியூக உளவுத் தகவல் சேகரிப்பு பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டிய நம் கடலோரப் பிள்ளைகள் கேட்டவையும் என் பதில்களும்.

தொண்டி மாணவி: சார், ‘இந்திய உளவுத்துறை: ஓர் ஆய்வு’ என்று தலைப்பு வைத்திருக்கிறேன். போதுமா?

ரொம்ப அதிகம்மா. படிக்கிற காலத்தில் நானும் இப்படித்தான், மூன்று மாதம் பேப்பர் கத்தரித்து ஒரு பெட்டி நிறைத்தேன். வழிகாட்டி புரட்டிப் பார்த்துவிட்டு, “இதில் கேள்வி எங்கேப்பா?” என்றார். பெட்டி பரணுக்குப் போனது. முடிவெடுக்கிறவருக்கு என்ன தெரிய வேண்டும் என்பதிலிருந்துதான் சேகரிப்பே தொடங்குகிறது. ஒரு சம்பவம், ஒரு கேள்வி. அதோடு நில்.

பாம்பன் மாணவர்: வியூக உளவு என்று தனியாக ஏன் சொல்கிறார்கள்? எங்கள் வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள், அப்பாவுக்கும் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

மூக்கையூருக்கு நேரே தெரியாத படகு ஒன்று விளக்கை அணைத்துக்கொண்டு நிற்கிறது என்று அப்பா கடலோரப் பாதுகாப்பு உதவி எண் 1093-க்குப் போன் போட்டால், அது அந்த ராத்திரிக்கான தகவல். இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-இல் 99 வருடக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனதே, இனி வரும் வருடங்களில் அங்கே யார் யார் கப்பல் வந்து நிற்கும் என்று கேட்பது வியூகம். 2022 ஆகஸ்டில் ‘யுவான் வாங் 5’ என்ற சீனக் கப்பல் அங்கே வந்ததைக் கப்பல் தடம் காட்டும் இணையதளங்களில் ஊரே பார்த்தது. எதற்கு வந்தது என்பதில்தான் சண்டை.

கீழக்கரை மாணவி: எந்தச் சம்பவத்தை எடுக்கலாம்? ரகசியம் என்றால் ஆவணம் கிடைக்காதே?

கியூபா, 1962. அமெரிக்காவுக்குப் பக்கத்துத் தீவான கியூபாவில் சோவியத் ரகசியமாக ஏவுகணை கொண்டுபோய் வைத்த விவகாரம். அமெரிக்கா அந்தக் காகிதங்களில் பெரும்பகுதியை வெளியிட்டுவிட்டது. கிராமத்து முக்கில் திரும்ப முடியாத அளவுக்கு நீளமான வண்டிகளைப் பார்த்தோம் என்று அங்கிருந்து தகவல் வந்தது. அதற்கு முன் வந்த ஏவுகணைக் கதைகள் நிறைய பொய்யாகியிருந்ததால் இதையும் யாரும் சட்டென்று நம்பவில்லை. விமானமெதிர்ப்பு ஏவுகணைக்குப் பயந்து யு-2 என்ற அமெரிக்க உளவு விமானத்தையும் தீவின் மேல் நேராக அனுப்பவில்லை. சோவியத் அங்கே ஏவுகணை வைக்க வாய்ப்பில்லை என்று செப்டம்பர் 19-இல் மதிப்பீடே எழுதிவிட்டார்கள். அக்டோபர் 14-இல் பறந்த யு-2 படம் எடுத்து வந்தது. படத்தில் இருப்பது எந்த ரக ஏவுகணை என்று கண்டுபிடிக்க, மாஸ்கோவில் பென்கோவ்ஸ்கி என்ற சோவியத் அதிகாரி முன்பே அமெரிக்கத் தரப்புக்கு ரகசியமாகக் கொடுத்திருந்த ஏவுகணைக் கையேடு உதவியது. ஆள் சொன்னது, வானிலிருந்து எடுத்தது, கைக்கு வந்த தாள்: மூன்று வழியும் ஒரே கதையில் கிடைக்கிறது. எது எந்தத் தேதியில் யார் மேசைக்குப் போனது என்று ஒரு அட்டவணை போடு, பாதிக் கட்டுரை முடிந்தது.

இந்தியாதான் வேண்டுமென்றால் கார்கில். அந்தப் போரை ஆராய்ந்த கே. சுப்ரமணியம் குழுவின் அறிக்கை 2000-இல் வெளிவந்தது. சில பகுதிகளை நீக்கித்தான் கொடுத்தார்கள்.

உச்சிப்புளி மாணவர்: கடற்படையின் ‘பருந்து’ விமானதளம் எங்கள் ஊரில்தான். வெளியே நின்று விமானம் ஏறி இறங்கும் நேரத்தைக் குறித்தால் முதல்நிலைத் தரவு ஆகுமா?

தரவும் ஆகும், தம்பி, வழக்கும் ஆகும். 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. சேகரிப்பைப் பற்றி எழுதத்தான் சொன்னார்கள், சேகரிக்கச் சொல்லவில்லை.

ராமேஸ்வரம் மாணவர்: வெளிநாட்டு உளவு அமைப்பான ‘ரா’வுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஆர்.டி.ஐ. மனு போடலாமா?

அந்தச் சட்டத்தின் 24-ஆம் பிரிவில் ‘ரா’வுக்கு விலக்கு. ஊழல், மனித உரிமை மீறல் புகார் என்றால் மட்டும் கேட்கலாம். மனுக் கட்டணம் பத்து ரூபாயை டீக்கு வைத்துக்கொள்.

ஏர்வாடி மாணவி: குறளோடு தொடங்கலாமா?

ஒற்றர்களைப் பற்றிய ஒற்றாடல் அதிகாரம்தானே? எல்லாரும் முதல் குறளைப் போட்டு முகப்பு அலங்காரம் செய்கிறார்கள். நீ 588, 589-ஐ எடு. ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னொருவனை வைத்துச் சரிபார். ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல்வதும் ஒத்துவந்தால் நம்பு என்கிறது. ஆய்வுமுறை பற்றிய பகுதியில் வைத்துக் கியூபாவோடு உரசிப் பார். அங்கே மூவரும் எப்போது ஒத்துப்போனார்கள்?

மண்டபம் மாணவர்: ஒரு மாதம்தான் இருக்கிறது சார்.

முதல் வாரம் கேள்விக்கு மட்டும். இரண்டாவது வாரம் அட்டவணை. மூன்றாவது வாரம் எழுது. முன்னுரையைக் கடைசியில் எழுதினால் போதும். வரைவை எனக்கு அனுப்பு, சிவப்புப் பேனா இன்னும் காயவில்லை.