டாக்டரிடம் கேளுங்கள்: விடியற்காலை மூன்று மணிப் பயம்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி தூக்கத்தைப் பற்றியவை. மீதியில் பலரும் வேறு எதையோ கேட்கத் தொடங்கித் தூக்கத்தில் கொண்டுவந்து முடித்திருக்கிறார்கள். அதனால் முதல் பதில் நீளம். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 41. சில மாதங்களாக ராத்திரி மூன்று மணி வாக்கில் திடுக்கென்று விழிப்பு வருகிறது. நெஞ்சு படபடக்கிறது. வேலை போய்விடும், பிள்ளைகளைப் படிக்கவைக்க முடியாது என்று என்னென்னவோ பயம். பகலில் யோசித்தால் அப்படி எதுவும் இல்லை. இசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது. "எல்லாம் மனசுதான், டென்ஷன் ஆகாதீர்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். டென்ஷன் ஆகாமல் இருப்பது எப்படி என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

சொல்ல மாட்டார்கள். அது சொல்லி வருகிற காரியமும் இல்லை. நீங்கள் ஒரு நாளை எப்படிக் கழிக்கிறீர்கள் என்று நேரம் போட்டு எழுதச் சொல்லியிருந்தேன். எழுதி அனுப்பியதற்கு நன்றி. அந்தத் தாளில்தான் பதில் இருக்கிறது.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு காபி, எட்டரைக்கு இன்னொன்று. பதினொன்றரைக்குப் படுக்கை. படுத்தபடியே அரை மணி நேரம் லேப்டாப். வேலை நாட்களில் ஆறு மணிக்கு எழுகிறீர்கள், விடுமுறையில் பத்து மணிக்கு. ராத்திரி விழித்ததும் போனை எடுத்து மணி பார்க்கிறீர்கள், அப்படியே ஆபீஸ் மெயிலையும் பார்க்கிறீர்கள். இதை எழுதிவிட்டுக் கடைசியில் "கெட்ட பழக்கம் எதுவும் இல்லை" என்று வேறு சேர்த்திருக்கிறீர்கள்.

முதலில் காபி. பகல் முழுக்க நம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச் சேரத் தூக்கம் கண்ணைச் சுழற்றும். காபியில் இருக்கும் கஃபீன் அதை அகற்றுவதில்லை. அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் கஃபீன் முந்திப்போய் உட்கார்ந்துகொள்கிறது. உடம்பில் இருக்கும் கஃபீன் பாதியாகக் குறையவே பெரும்பாலானவர்களுக்குச் சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கும். அப்படியென்றால் எட்டரை மணிக் காபியில் பாதி, ராத்திரி ஒன்றரை மணிக்கும் உங்கள் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. "காபி குடித்தும் எனக்குத் தூக்கம் வருகிறதே" என்பார்கள். வரும். ஆனால் அந்தத் தூக்கத்தில் ஆழம் குறைந்திருக்கும். லேசாக அசைந்தாலும் விழித்துவிடுவீர்கள்.

அடுத்தது அந்த மூன்று மணி. ஆழ்ந்த உறக்கத்தின் பெரும்பகுதி ராத்திரியின் முதல் பாதியிலேயே முடிந்துவிடுகிறது. பின்பாதியில் தூக்கம் மெலிந்து, கனவு கூடுகிறது. நன்றாகத் தூங்குகிறவர்களும் இந்த நேரத்தில் இரண்டொரு முறை விழிக்கிறார்கள், புரண்டு படுக்கிறார்கள், காலையில் அது நினைவில் இருப்பதில்லை. விடியலை நோக்கி கார்டிசால் என்ற ஹார்மோனும் மெல்ல ஏறத் தொடங்கும். நம்மை எழுப்பத் தயார் செய்வது அதன் வேலைகளில் ஒன்று. இதோடு நெஞ்சில் ஒரு படபடப்பும் சேர்ந்தால் மனசு சும்மா இருக்குமா? காரணம் தேடும். இருட்டில் கைக்குக் கிடைப்பது வேலை, பிள்ளைகள், கடன். பயம் வந்ததால் நெஞ்சு படபடத்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். பல ராத்திரிகளில் படபடப்புதான் முதலில் வந்திருக்கும். அதற்குப் பொருத்தமான பயத்தை மனசு பிறகு தேடிப் பிடித்திருக்கும். அந்த நேரத்தில் உங்கள் வாழ்க்கையைப் பற்றி நீங்கள் எழுதும் தீர்ப்பு எதையும் பகலில் திரும்பப் படித்துப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

விடுமுறைத் தூக்கம். உடம்பின் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று பழ ஈக்களை வைத்துக் கண்டறிந்ததற்காக 2017-இல் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கடிகாரம் தன்னைத் திருத்திக்கொள்வது முக்கியமாக வெளிச்சத்தைப் பார்த்துத்தான். ஐந்து நாள் ஆறு மணிக்கு வெளிச்சம் காட்டிவிட்டு இரண்டு நாள் பத்து மணிக்குக் காட்டினால் அது எதை நம்பும்? விடுமுறை முடிகிற ராத்திரிதான் உங்களுக்கு மிக மோசமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மறுநாள் வேலைக்குப் போகும் கலக்கம் என்று நினைக்கிறீர்கள். கலக்கமும் இருக்கலாம், அதைவிட, அன்று பத்து மணிக்கு எழுந்தவருக்குப் பதினொன்றரைக்குள் தூக்கம் சேர்ந்திருக்காது.

சரி, செய்ய வேண்டியது. படுக்கும் நேரத்தைப் பிடித்துக்கொண்டு போராடாதீர்கள். எழும் நேரத்தைக் கட்டுங்கள். ஆறு மணி என்றால் எல்லா நாளும் ஆறு. முந்தின ராத்திரி எப்படிப் போயிருந்தாலும் ஆறு. எழுந்ததும் வெளியே போய்க் கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் நில்லுங்கள். மதியத்துக்குப் பிறகு கஃபீன் வேண்டாம். போன் வேறு அறையில் இருக்கட்டும், அலாரத்துக்குத் தனியாக ஒரு கடிகாரம், அதன் முகம் சுவர்ப்பக்கம். ராத்திரி விழித்துத் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் படுக்கையை விட்டு எழுந்துவிடுங்கள். மங்கிய வெளிச்சத்தில் சலிப்பான எதையாவது படியுங்கள், தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது திரும்ப வந்து படுங்கள். ஒரே ராத்திரியில் மூன்று முறை எழ நேர்ந்தாலும் பரவாயில்லை. படுக்கை என்றாலே கவலை என்று பழகிப்போன மூளைக்கு, படுக்கை என்றால் தூக்கம் என்று மறுபடி கற்றுக்கொடுக்கிறோம். 1970-களிலிருந்தே மனநல மருத்துவத்தில் இருக்கும் முறை இது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இப்படிப்பட்ட நடத்தைச் சிகிச்சையைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் சங்கம் 2016-இல் வழிகாட்டுதலே வெளியிட்டது.

முதல் வாரம் இன்னும் மோசமாக இருக்கும். என்னைத் திட்டுவீர்கள். திட்டிக்கொண்டே தொடருங்கள். ஆனால் பக்கத்தில் படுப்பவரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: நீங்கள் பலமாகக் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று திணறுகிறீர்களா? ஆமாம் என்றால் நான் சொன்னதெல்லாம் அப்புறம். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இருக்கிறதா என்ற பரிசோதனைதான் முதலில்.

கேள்வி: தினமும் பத்தாயிரம் அடி நடந்தே ஆக வேண்டுமா? ஆறாயிரம்தான் முடிகிறது. குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

அந்த எண் எந்த ஆய்வுக்கூடத்திலும் பிறக்கவில்லை. 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியோடு வந்தது. 2019-இல் சராசரி வயது 72 உள்ள பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து வெளியான ஓர் ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. நடங்கள், குற்ற உணர்ச்சியை விட்டுவிடுங்கள்.

கேள்வி: காலையில் ஒரு மணி நேரம் ஜிம்முக்குப் போகிறேன். பிறகு நாள் முழுக்க நாற்காலிதான். சாயங்காலம் ஆனால் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுகிறேன். உடற்பயிற்சி செய்தால் மனசு நன்றாக இருக்கும் என்கிறார்களே?

இருக்கும்தான் தம்பி, ஆனால் காலையில் செய்ததை வைத்துச் சாயங்காலம் வரை ஓட்ட முடியாது. 1953-இல் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடி பஸ்களில் வேலை பார்த்தவர்களைப் பற்றி ஆய்வு வெளியிட்டார். உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. எனக்கு இதில் பிடித்தது அவருடைய அடுத்த வேலை. டிரைவர்கள் முதலிலிருந்தே பருமனானவர்களோ என்று அவருக்கே சந்தேகம். சீருடைக் கணக்கை எடுத்து இடுப்பளவைப் பார்த்தார்கள். டிரைவர்களின் கால்சட்டை இளம் வயதிலேயே பெரிதாகத்தான் இருந்தது. அதையும் 1956-இல் மறைக்காமல் வெளியிட்டார்கள். அதன் பிறகு பல பத்தாண்டு ஆய்வுகள் வந்துவிட்டன. அசைவது இதயத்துக்கு நல்லது என்ற முடிவு நிற்கிறது.

உங்களுக்கு நான் சொல்வது: மணிக்கு ஒரு முறை எழுந்து இரண்டு மூன்று நிமிடம் நடங்கள், குறிப்பாகச் சாப்பிட்ட பிறகு. தசை சுருங்கும்போது இன்சுலினுக்குக் காத்திராமல் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். மதியத்துக்கு மேல் வரும் அந்த மந்தம் குறைந்தாலே எரிச்சலில் ஒரு பகுதி குறையலாம். மீதி எரிச்சலுக்கு உங்கள் மேலதிகாரி காரணமாக இருக்கக்கூடும். அதற்கு என்னிடம் மருந்தில்லை.

கேள்வி: 21 நாளில் எந்தப் பழக்கத்தையும் மாற்றிவிடலாமாமே?

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஒரு புதுப் பழக்கம் யோசிக்காமலே வரும் அளவுக்குப் பதிய, ஆளைப் பொறுத்தும் பழக்கத்தைப் பொறுத்தும் 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் ஒன்றும் குடிமுழுகவில்லை என்பதும் அதே ஆய்வில் உண்டு.

கேள்வி: மனசு சரியில்லாதபோது ஒரு சிகரெட் பிடித்தால்தான் நிதானம் வருகிறது. விட்டுவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. இரண்டு முறை விட்டுப் பார்த்துத் தோற்றுவிட்டேன்.

அந்த நிதானம் பொய்யில்லை, நீங்கள் உணர்வது உண்மை. ஆனால் கணக்கைப் பாருங்கள். நிகோடின் ரத்தத்தில் பாதியாகக் குறையச் சுமார் இரண்டு மணி நேரம். குறையக் குறைய எரிச்சலும் பரபரப்பும் வருகின்றன. அடுத்த சிகரெட் அதைத் தணிக்கிறது. முந்தின சிகரெட் மூட்டிய தீயை அடுத்தது அணைக்கிறது, அவ்வளவுதான். 2014-இல் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, விட்டவர்களுக்கு விடாதவர்களைவிடப் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன.

இரண்டாவது முறை "காபியைக் குடித்துக் குடித்துச் சமாளித்தேன், கை நடுங்கியது" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் சிக்கல். சிகரெட் புகை, கஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை முடுக்கிவிடும். புகை நின்றால் அந்த வேகமும் குறையும். அதே அளவு காபி உடம்பில் அதிக நேரம் தங்கும். அந்த நடுக்கத்தையும் தூக்கமின்மையையும் சிகரெட் விட்டதால் வந்தது என்று நினைத்துத்தான் நீங்கள் திரும்பப் பற்றவைத்தீர்கள். அடுத்த முறை சிகரெட்டை விடும் அன்றே காபியைப் பாதியாக்குங்கள். நிகோடின் பட்டை, சூயிங்கம் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். சில மாத்திரைகளின் அளவையும் அதே காரணத்தால் மாற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: அம்மா இறந்த பிறகு அப்பா வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. நண்பர்கள் கூப்பிட்டாலும் மறுக்கிறார். நடைப்பயிற்சிக்குப் புது ஷூ வாங்கிக் கொடுத்தோம். அது பெட்டியிலேயே இருக்கிறது. பிடிவாதமா, மனச்சோர்வா?

இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் இரண்டு வரி இருக்கிறது: டிவி சத்தம் அதிகமாக வைக்கிறார், ராத்திரி நான்கு முறை பாத்ரூம் போகிறார். எனக்கு அந்த இரண்டு வரியும்தான் முக்கியம். நான்கு பேர் பேசும் இடத்தில் பாதி காதில் விழாவிட்டால் மனிதர் ஒரு முறை சிரித்துச் சமாளிப்பார், இரண்டாம் முறை போகவே மாட்டார். அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியவருக்கு, வெளியே போவது என்றால் முதல் கவலை கழிப்பறை எங்கே என்பதுதான். அதை மகளிடம் சொல்வாரா? காதையும் புராஸ்டேட்டையும் சோதியுங்கள். ரத்த அழுத்தத்துக்கு, நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறாரா, எந்த நேரத்தில் என்றும் பாருங்கள். கேட்கும் திறன் குறைவதைக் கவனிக்காமல் விடுவது மறதிநோய்க்கான ஆபத்துகளில் ஒன்று என்பதால் காது விஷயத்தில் தாமதம் வேண்டாம்.

மனிதத் தொடர்பை நான் பயிற்சிக்குக் குறைவாக மதிப்பதில்லை. 2010-இல் 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைத் தொகுத்தபோது, நெருக்கமான உறவுகள் உள்ளவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகமாக இருந்தது. அதனால் "நடந்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பாதீர்கள். அவர் வருவதற்காக யாராவது காத்திருக்கும்படி ஒரு வேலை கொடுங்கள்: பேரனைக் கூட்டிவருவது, பக்கத்து வீட்டுப் பெரியவருக்குச் செய்தித்தாள் படித்துக்காட்டுவது. சோதனைகளெல்லாம் சரியாக இருந்தும் அவர் சாப்பாட்டையும் தூக்கத்தையும் இழந்துகொண்டே போனால், அப்போது மனச்சோர்வுக்குக் காட்டுங்கள்.

கேள்வி: நடக்கிறேன், நேரத்துக்குத் தூங்குகிறேன், தியானம் செய்கிறேன், மது கிடையாது, போனைக் குறைத்துவிட்டேன். ஆனாலும் இரண்டு மாதமாக எதிலும் ருசியில்லை. குழந்தை ஓடிவந்து கட்டிக்கொண்டால்கூட ஒன்றும் தோன்றவில்லை. இன்னும் எதைச் சரிசெய்ய வேண்டும்?

எதையும் சரிசெய்ய வேண்டாம். பட்டியலை நீட்டுவதை நிறுத்துங்கள். ஒழுங்காக வாழ்ந்தால் மனநோய் வராது என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பேச்சு எனக்குக் கோபத்தை வரவழைக்கும். ஒழுங்காக வாழ்கிறவருக்கும் சர்க்கரை நோய் வருகிறது, இதுவும் வருகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் எதிலும் நாட்டமில்லாமல் போனாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது. தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைவு ஆகியவையும் இப்படி முகம் காட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனை செய்வார்கள். மருந்து கொடுத்தால் முதல் சில நாளில் பலனை எதிர்பார்க்காதீர்கள், பல வாரம் ஆகும். நீங்களாக நிறுத்தவும் கூடாது. பேச்சு சிகிச்சையும் உண்டு, இரண்டையும் சேர்த்தும் செய்யலாம். செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு எட்டிப்பார்த்தால் முறை வரும்வரை காத்திருக்காதீர்கள்: அன்றே போங்கள், தனியாக இருக்காதீர்கள், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள்.

மருத்துவர் எதிரில் உட்கார்ந்ததும் "ஒன்றுமில்லை டாக்டர், கொஞ்சம் களைப்பு" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்களும் அந்த ரகம் என்று தோன்றுகிறது. அதனால் எனக்கு அனுப்பிய கடிதத்தை, குழந்தையைப் பற்றிய வரியை அடிக்காமல், அப்படியே அச்செடுத்து அவர் கையில் கொடுங்கள்.