தொண்டு நிறுவன இணையதளத்துக்குப் புதியவர்களை வரவைப்பது எப்படி?

உங்கள் பெயர் தெரிந்தவர்கள் மட்டுமே தளத்துக்கு வருகிறார்கள் என்றால், முதலில் கூகுள் சர்ச் கன்சோலை (உங்கள் தளம் கூகுள் தேடலில் எங்கே வருகிறது என்று காட்டும் இலவசக் கருவி) திறந்து, எந்தத் தேடல்களில் உங்கள் பக்கங்கள் 8 முதல் 20-ஆவது இடத்துக்குள் நிற்கின்றன என்று பாருங்கள். புதிதாக எழுதுவதைவிட, அந்தப் பக்கங்களின் தலைப்பையும் முதல் பத்தியையும் தேடுபவரின் கேள்விக்கு நேர் பதிலாகத் திருத்துவது பெரும்பாலும் சீக்கிரம் பலன் தரும். ‘எங்கள் நோக்கம்’ என்று யாரும் தேடுவதில்லை. ‘ரத்த தானம் செய்ய என்ன தகுதி’ என்றுதான் தேடுகிறார்கள்.

அடுத்து கூகுள் ஆட் கிரான்ட்ஸ். தகுதியுள்ள தொண்டு நிறுவனங்களுக்கு மாதம் 10,000 டாலர் மதிப்பு வரை தேடல் விளம்பரம் இலவசம். விண்ணப்பிக்காமல் விடாதீர்கள். ஆனால் கிளிக் விகிதம் (விளம்பரத்தைப் பார்த்தவர்களில் அதைக் கிளிக் செய்தவர்களின் பங்கு) தொடர்ந்து 2 மாதம் 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கணக்கு முடக்கப்படலாம். ‘நன்கொடை’ போன்ற பொதுச் சொற்களால்தான் அந்த விகிதம் சரியும். மூன்று, நான்கு சொற்கள் கொண்ட தேடல்களைத் தேர்ந்தெடுங்கள். கிளிக் செய்பவர் முகப்புக்கு அல்ல, கேட்டதற்குப் பதில் உள்ள பக்கத்துக்கே போக வேண்டும்.