முதலில் கிரில்லைக் கழற்றுங்கள்: பழைய ஸ்பீக்கர் கேள்வி-பதில்

கேள்வி: 1980-களில் வந்த ஸ்பீக்கர் ஜோடி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வூஃபரின் (பேஸ் எனும் தாழ்ந்த ஒலியைத் தரும் பெரிய பாகத்தின்) ஃபோம் விளிம்பு தொட்டாலே உதிர்கிறது. விட்டுவிடலாமா? (மதுரை)

பதில்: விட வேண்டாம். ஃபோமின் ஆயுள் 15, 20 ஆண்டுகள்தான். நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னும் குறைவு. அதைச் சொல்லியே விலையைக் குறையுங்கள், புதிய ஃபோம் ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் வாங்குமுன் வூஃபரின் கோனை, அதாவது நடுவிலுள்ள கூம்பை, இரு பக்கமும் விரல் வைத்து, சமமாக, மெல்ல அழுத்திப் பாருங்கள். உரசும் சத்தம் கேட்டால் அதன் பின்னால் உள்ள கம்பிச்சுருள், அதாவது காயில், போய்விட்டது, எழுந்து வந்துவிடுங்கள். ஃபோமுக்குப் பதில் ரப்பர் ஒட்டித் தருகிறேன் என்பவரிடமும் கொடுக்காதீர்கள். விளிம்பின் விறைப்பு மாறினால் பேஸும் மாறிவிடும்.

கேள்வி: 8 ஓம் என்று எழுதியிருக்கிறது, மல்டிமீட்டர் 6 காட்டுகிறது. ஏமாற்றுகிறாரா? (சேலம்)

பதில்: இல்லை. 8 ஓம் ஸ்பீக்கர் அப்படித்தான் காட்டும். இரண்டு பெட்டியும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டுகின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: நண்பரிடம் நல்ல பெரிய இங்கிலாந்து ஸ்பீக்கர் இருக்கிறது. 40,000 ரூபாய் தகுமா? (திருச்சி)

பதில்: மாடல் இல்லை, ஆண்டு இல்லை, படம் இல்லை. நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன்? பெட்டியின் பின்புறம் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்து எழுதுங்கள். அப்படியே முன்பக்கத்தை மூடியிருக்கும் கிரில்லைக் கழற்றி உள்ளே இருப்பதையும் பாருங்கள்.

கேள்வி: 15 ஓம் எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர் ஒரு ஜோடி வருகிறது. கிராஸ்ஓவரை (ஒலியைத் தாழ்ந்தது, உயர்ந்தது என்று பிரித்தனுப்பும் மின்சுற்றை) ‘அப்கிரேடு’ செய்திருப்பதால் விலை கூடுதல் என்கிறார். (கோவை)

பதில்: கூடுதலா? குறைத்துக் கேளுங்கள். இந்த வியாதியைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் தீர்ந்தபாடில்லை. ஒலிபரப்பு வேனுக்குள் வைத்துக் கேட்பதற்காக 1970-களில் பிபிசி பொறியாளர்கள் உருவாக்கிய சிறு பெட்டி அது. கெஃப் நிறுவனத்தின் பி110 வூஃபர், உயர்ந்த ஒலிக்கான டி27 ட்வீட்டர் இரண்டின் மேடுபள்ளங்களையும் சமன் செய்வதும் அந்த கிராஸ்ஓவரின் வேலை. அதன் மேல் எவ்வளவு கணக்குப் போட்டிருக்கிறார்கள்! அதில் கைவைத்து, விலையுயர்ந்த கெபாசிட்டரைச் சொருகிவிட்டு, துல்லியம் கூடிவிட்டது என்று இவர்கள் பெருமையடிக்கிறார்கள்.

பல சமயம் கூடியிருப்பது ட்வீட்டரின் சத்தம் மட்டுமே. வேறு பல பழைய ஸ்பீக்கர்களில் எலக்ட்ரோலிட்டிக் என்ற வகைக் கெபாசிட்டர் இருக்கும். அதற்குள்ளேயே சிறிது மின்தடை உண்டு. அதற்குப் பதில் இவர்கள் சொருகும் ஃபிலிம் கெபாசிட்டரில் அது இல்லாத மாதிரிதான். சிறு ரெசிஸ்டர் ஒன்று வைத்து அதை ஈடுகட்டாவிட்டால் ஒலி காதைக் குத்தும். வயதான எலக்ட்ரோலிட்டிக்கை மாற்றுவது தவறென்று சொல்லவில்லை. அதே மதிப்பில், இரண்டு பெட்டியிலும் ஒன்றாக மாற்றினால் அது பழுதுபார்ப்பு. அதற்குத் தனி விலை எதற்கு? கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்க முடியவில்லை என்றால் வேறு ஜோடி தேடுங்கள். இன்னொன்று: 1987 வாக்கில் இந்த மாடல் 11 ஓமுக்கு மாறியது. இரண்டும் ஒரே வகைதானா, வரிசை எண்கள் அடுத்தடுத்தவையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து குவாட் இஎஸ்எல்-57 ஸ்பீக்கர் வரப்போகிறது. வீடு பெசன்ட் நகரில், கடற்கரைக்கு அருகே. (சென்னை)

பதில்: பெட்டியைத் திறக்குமுன் வோல்டேஜைப் பாருங்கள். அது மின்சாரத்தில் செருக வேண்டிய ஸ்பீக்கர். அங்கே 120, இங்கே 230. உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடுகிறது. ஈரமும் தூசியும் சேர்ந்தால் ஒலி எழுப்பும் பேனலில் பொறி பறக்கும். பழுது பார்க்கத் தெரிந்த ஆள் கைவசம் இல்லாவிட்டால், கடற்கரைக் காற்றில் அதை வைக்காதீர்கள். குழந்தைகள் உள்ள வீடானால் கிரில்லைக் கழற்றவும் வேண்டாம். நான் வழக்கமாகச் சொல்வதற்கு இது ஒன்றே விதிவிலக்கு.

கேள்வி: ட்வீட்டரின் டோம் (நடுவிலுள்ள குமிழ்) உள்ளே அமுங்கியிருக்கிறது. (நாகர்கோவில்)

பதில்: துணி டோம் என்றால் ஒட்டு நாடாவால் மெல்ல இழுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். உலோகம் மடிந்தால் மடிந்ததுதான். பெரிலியம் டோம் உடைந்திருந்தால் கைவைக்கவே கூடாது. அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு.

கேள்வி: ஒரு பக்க வூஃபரை மட்டும் மாற்றியிருக்கிறாராம். பரவாயில்லையா? (ஈரோடு)

பதில்: கேட்டுத்தான் சொல்ல முடியும். கிரில்லைக் கழற்றி இரண்டு வூஃபரும் ஒரே மாடல் எண்தானா என்று பாருங்கள். பிறகு இரு பக்கமும் ஒரே ஒலி வரும் மோனோ பதிவு ஒன்றை ஓடவிட்டு நடுவில் உட்காருங்கள். குரல் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்தால் பெட்டிகளை இடம் மாற்றுங்கள். சாய்வும் கூடவே மாறினால் குற்றம் ஸ்பீக்கரில். மாறாவிட்டால் அறையிலோ ஆம்ப்ளிஃபயரிலோ.