கணினிக் கேள்வி–பதில்: ஃபைண்டுக்கு ‘நேற்று’ எப்போது?

(கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.)

கேள்வி: அலுவலக லினக்ஸ் சேர்வரில் நேற்று மாற்றிய கோப்புகளைத் தேட ‘ஃபைண்ட் . -எம்டைம் 1’ கொடுத்தேன் (எம்டைம் என்பது கோப்பின் உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம்). புதன் காலை 10 மணிக்குத் தேடினால் செவ்வாய் பிற்பகல் கோப்பு ஒன்றுகூட வரவில்லை. திங்கள் பிற்பகல் கோப்புகள் வருகின்றன. ஏன்?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: ஃபைண்டிடம் நாட்காட்டி இல்லை. நீங்கள் என்டர் தட்டிய நொடியிலிருந்து பின்னோக்கி 24 மணி நேரத் துண்டுகளாக எண்ணி, மிச்சத்தைக் கழித்துவிடும். செவ்வாய் பகல் 11 மணிக் கோப்புக்கு வயது 23 மணி, அதாவது 0. திங்கள் பகல் 11 மணிக் கோப்புக்கு 47 மணி, அதாவது 1. ‘-எம்டைம் +1’ என்றாலும் ஒரு நாளைத் தாண்டியவை வராது. முழுதாக 48 மணி கடந்திருக்க வேண்டும். இதில் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

லினக்ஸில் இருக்கும் குனு ஃபைண்டில் ‘-டேஸ்டார்ட்’ சேர்த்தால் நள்ளிரவிலிருந்து எண்ணும்: ‘ஃபைண்ட் . -டேஸ்டார்ட் -எம்டைம் 1’. அதை எம்டைமுக்கு முன்னால் போடுங்கள், பின்னால் போட்டால் பலனில்லை.

ஆனால் எங்களைக் கேட்டால், திகதியையே கொடுத்துவிடுவது மேல். மார்ச் மாதக் கோப்புகளுக்கு:

ஃபைண்ட் . -டைப் எஃப் -நியூவர்எம்டி 2025-03-01 ! -நியூவர்எம்டி 2025-04-01

‘-டைப் எஃப்’ கோப்புகளை மட்டும் எடுக்கும், ஆச்சரியக்குறி ‘அல்லாதவை’ என்று பொருள்படும். ‘நியூவர்’ என்பதோடு எம், டி (m, t) என்ற இரண்டு எழுத்தையும் ஒட்டியே எழுதவேண்டும். ஆச்சரியக்குறிக்குப் பின் ஓர் இடைவெளி விடுங்கள், ஒட்டிவிட்டால் பாஷ் (நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) அதைப் பழைய கட்டளையைத் தேடும் குறியாக எடுத்துக்கொள்ளும். முடிவுத் திகதியை 31 என்று கொடுத்தால் 31ஆம் திகதிக் கோப்புகள் அத்தனையும் போய்விடும். நேரம் குறிப்பிடாத திகதி, அந்த நாள் தொடங்கும் நள்ளிரவைத்தானே குறிக்கிறது!

கேள்வி: அதே முறையில்தான் தேடுகிறேன். மார்ச் 1 அதிகாலை 2 மணிக்கு ஓடிய பேக்கப் கோப்பு பெப்ரவரியில் நிற்கிறது. சேர்வர் வெளிநாட்டில் இருக்கிறது.
– வாசகர், தெஹிவளை

பதில்: உங்கள் சேர்வர் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. கொழும்பில் அதிகாலை 2 மணி, அங்கே முதல் நாள் இரவு 8.30. அதாவது ஒவ்வொரு நாளும் நள்ளிரவு முதல் காலை 5.30 வரை எழுதப்படும் கோப்பெல்லாம் அங்கே முந்திய திகதியில் விழும். இரவு வேலைகள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தானே ஓடுகின்றன!

கட்டளைக்கு முன்னால், அதே வரியில், எந்த ஊர் நேரம் என்று சொல்லும் ‘டிஇசட்=ஏசியா/கொலம்போ’ சேருங்கள். டி, இசட் (TZ) இரண்டும் பேரெழுத்து. ஊர்ப் பெயரின் முதலெழுத்துகளும் பேரெழுத்து. சிலர் இடத்தின் பெயருக்குப் பதில் +5.30 என்று கணக்குப் போடுகிறார்கள். பழைய கோப்புகளில் அது பிசகும். 1996இல் இங்கே மணிக்கூட்டை முதலில் +6.30க்கும் பிறகு +6க்கும் மாற்றி, 2006 ஏப்ரலில்தான் +5.30க்குத் திரும்பினார்கள். 2005ஆம் ஆண்டுக் கோப்பொன்றில் அரை மணி நேரம் தவறும். இடப்பெயர் கொடுத்தால் இந்தக் கணக்கைக் கணினியே பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: பென்ட்ரைவிலிருந்து பிரதி எடுத்த கோப்புகள் எல்லாவற்றுக்கும் இன்றைய திகதி. சீடைம் என்பது உருவாக்கிய திகதிதானே, அதை வைத்துத் தேடலாமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: முடியாது. சீ என்பது மாற்றத்துக்கு. பெயர், அனுமதி, உரிமையாளர் எதை மாற்றினாலும் அது புதுப்பிக்கப்படும். பிரதி எடுத்த கணத்திலும் அப்படித்தான். பென்ட்ரைவ் கையில் இருக்கிறதென்றால், பிரதி எடுக்கும் கட்டளையான ‘சிபி -பி’ (cp -p) கொடுத்து மறுபடி எடுங்கள், பழைய திகதி அப்படியே வரும். முழுக் கோப்புறை என்றால் ‘சிபி -ஏ’ அல்லது ‘ஆர்சிங்க் -ஏ’ (rsync -a).

கேள்வி: ஒரு கோப்புறையில் 90 நாள் கடந்த லாக் கோப்புகளை (சேர்வர் தன் நடவடிக்கைகளைப் பதிந்துவைக்கும் கோப்புகள்) அழிக்க வேண்டும்.
– வாசகர், மருதானை

பதில்: ‘ஃபைண்ட் . -டைப் எஃப் -எம்டைம் +90’ என்று முதலில் வெறுமனே பட்டியல் பாருங்கள். மேலே சொன்ன கணக்குப்படி இதில் 91 நாள் முழுதாகக் கடந்தவைதான் வரும். பட்டியல் சரியென்றால் மேல் அம்புக்குறியைத் தட்டி, அதே வரியின் கடைசியில் ‘-டிலீட்’ சேருங்கள். கடைசியில்தான்! ஃபைண்ட் இடமிருந்து வலமாகச் சரிபார்த்துக்கொண்டு போகும். டிலீட்டை முன்னால் வைத்தால் வயதைப் பார்க்கும் முன்பே கோப்புறையில் உள்ள அத்தனையையும் அழித்துவிடும்.