மடக்குக் கத்திக்கு லைசென்ஸ் எடுக்கச் சொல்கிறார்கள், எடுக்கவா?

கேள்வி: களக்காடு பக்கம் சின்னதாக ஒரு நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். வயது 63. மா, சப்போட்டா ஒட்டுக்கட்ட மூன்று அங்குல மடக்குக் கத்தி ஒன்று எப்போதும் சட்டைப்பையில் கிடக்கும். போன வாரம் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் பஸ் நின்றபோது பேத்திக்குக் கொய்யாப்பழம் நறுக்க அதை எடுத்து விரித்தேன். பக்கத்து சீட்டு அம்மா அலறிவிட்டார். இரண்டு பையன்கள் போனில் படம் எடுத்தார்கள். கோபத்தில் திரும்பி, "என்னல பாக்க?" என்று கேட்டுவிட்டேன். கண்டக்டர், வண்டியை ஸ்டேஷனுக்கு விடட்டுமா என்றார். நாலு பேர் சமாதானம் சொல்லி இறக்கிவிட்டார்கள். இப்போது தெரிந்தவர் ஒருவர், "லைசென்ஸ் இல்லாமல் கத்தி வைத்திருந்தால் உள்ளேதான், 4,000 ரூபாய் ஆகும், வாங்கித் தருகிறேன்" என்று சொல்லி 1,500 முன்பணமும் வாங்கிப் போயிருக்கிறார். லைசென்ஸ் வேண்டுமா? என்மேல் கேஸ் வருமா?

பதில் (பாளையங்கோட்டை வழக்கறிஞர்):

உங்கள் கத்திக்கு லைசென்ஸ் வேண்டாம், அண்ணாச்சி. நீங்களே போய்க் கேட்டாலும் ஒட்டுக் கத்திக்கு யாரும் லைசென்ஸ் தரமாட்டார்கள்.

ஆயுதச் சட்டம் 1959-ம் வருஷத்தது. அதன் கீழ் வந்த விதிகளில் கத்திக்கென்று ஓர் அளவு இருக்கிறது: அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால்தான் அது ஆயுதப் பட்டியலில் வரும். அந்த அளவைத் தாண்டினால்கூட, வீட்டுக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ செய்த கத்தியென்றால் அந்தப் பட்டியலில் சேராது. உங்களுடையது மூன்று அங்குலம், ஒட்டுக்கட்டச் செய்தது. அளவிலும் மாட்டாது, வேலையிலும் மாட்டாது.

"மூன்று அங்குலத்தைத் தாண்டினால் குற்றம்" என்று செல்போனில் யாராவது காட்டியிருப்பார்கள். அது டெல்லி கதை. பட்டனை அமுக்கினால் ஸ்பிரிங்கில் திறக்கும் கத்தி 7.62 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் பிடிக்கலாம் என்று 1980-ல் டெல்லி நிர்வாகம் ஓர் அறிவிப்புப் போட்டது. டெல்லிக்குள் அது செல்லும். நம்மூர்க் கொக்கிரகுளத்தில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்லிப் பணம் பறிப்பதற்கு வேறு பெயர் இருக்கிறது.

சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். வீட்டு உபயோகத்துக்கு அல்லது விவசாயத்துக்கு "மட்டுமே" வடிவமைத்த பொருள் ஆயுதம் ஆகாது. பனையேறி இடுப்பில் பெட்டியோடு கட்டியிருக்கும் பாளை அருவாள் உங்கள் கத்தியைப்போல நாலு மடங்கு. அது ஆயுதம் இல்லை. வாழைத்தார் வெட்டுகிற அருவாளும் ஆயுதம் இல்லை. முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் இலை வெட்டும் கத்தரியும் இல்லை. ஆனால் "வடிவமைத்த" என்பதோடு "மாற்றியமைத்த" என்றும் சட்டத்தில் ஒரு சொல் இருக்கிறது. தோட்டத்து அருவாளைப் பட்டறையில் கொடுத்து நுனியைக் கூராக்கி, இரண்டு பக்கமும் சாணை பிடித்து, பிடியில் துணி சுற்றிவிட்டால் அது தோட்டத்து அருவாள் என்று நான் எந்த நீதிபதியிடமும் வாதாட முடியாது. இப்படி ஒருவர் வந்தார். "வாழைக்குத்தான் சார்" என்றார். எந்த வாழை என்று கேட்டேன், பதில் இல்லை. அதே அருவாள் சாணை பிடிக்காமல், மாற்றாமல் இருந்தாலும், ராத்திரி பதினொரு மணிக்கு பைக் டிக்கியில் மூன்று பேரோடு போனால் போலீஸ்காரர் சந்தேகப்படத்தான் செய்வார். அதில் தப்பு சொல்ல மாட்டேன். ஆக, பொருளின் வடிவம், அதை நீங்கள் என்ன செய்தீர்கள், எங்கே எப்போது வைத்திருந்தீர்கள், மூன்றையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். உங்கள் கத்தி மூன்றிலும் தேறும். அதைத் தீட்டி வைத்திருக்கிறீர்களே என்று யாராவது கேட்டால், மொட்டைக் கத்தியில் ஒட்டுப் பிடிக்காது என்று சொல்லுங்கள்.

சரி, சட்டப்படி தப்பில்லை என்றால் அந்த அம்மா ஏன் அலறினார்? அவரைக் கோபிக்காதீர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். 2024 டிசம்பரில் எங்கள் நீதிமன்ற வாசலிலேயே ஒருவரை வெட்டிக் கொன்றார்கள். நாங்கள் தினமும் நடந்து போகிற வாசல். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்புப் பையன் வகுப்புக்குள்ளேயே சக மாணவனை வெட்டினான், தடுக்கப்போன ஆசிரியைக்கும் காயம். இதையெல்லாம் டிவியில் பார்த்த ஊரில், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் பையில் கைவிட்டு "டக்"கென்று கத்தியை விரித்தால் யாருக்கும் ஈரக்குலை நடுங்கும். இளநீர்க்காரர் ஓங்கி வெட்டுவதை அதே அம்மா பக்கத்தில் நின்று பார்ப்பார். அங்கே தேங்காய் முதலில் தெரிகிறது, அருவாள் அப்புறம். உங்கள் கையில் கத்தி முதலில் தெரிந்தது. கொய்யாப்பழம் எங்கே இருந்தது? பைக்குள்ளேயா? அதுதான் விஷயம்.

எங்கள் ஆச்சி கத்தியை ஒருநாளும் கைக்குக் கை தரமாட்டாள். கீழே வைப்பாள், நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பாள். நம்பிக்கையோ என்னவோ, பஸ்ஸுக்கு அது நல்ல பழக்கம்.

இனி கேஸ் விஷயம். நீங்கள் கத்தி வைத்திருந்தது எனக்குக் கவலையில்லை. விரித்த கத்தியோடு திரும்பி "என்னல பாக்க?" என்றீர்களே, அதுதான் கவலை. நம்மூரில் அது நலம் விசாரிக்கிற மாதிரி என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஸ்டேஷனில் புகார் எழுதுகிறவர் அப்படி எழுத மாட்டார். "கத்தியைக் காட்டிக் கொன்றுவிடுவதாக மிரட்டினார்" என்று எழுதுவார். முப்பது வருஷமாக ஒரே வாக்கியத்தைப் படித்துப் படித்து எனக்கு மனப்பாடம்; ஊரும் பெயரும் மட்டும்தான் மாறுகிறது. கொலைமிரட்டலுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த 506(2)-தான் 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 351(3), ஏழு வருஷம் வரை தண்டனை. வெறும் மிரட்டல் என்றால் 351(2), இரண்டு வருஷம் வரை. உங்கள் விஷயத்தில் யாரும் புகார் கொடுத்ததாகத் தெரியவில்லை. கொடுத்தாலும் பயந்து ஓட வேண்டாம். ஏழு வருஷம் வரையுள்ள குற்றங்களுக்கு நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வழி இருக்கிறது. மூன்று வருஷத்துக்குக் குறைவான தண்டனை என்றால், 60 வயதைத் தாண்டிய உங்களைக் கைதுசெய்ய டிஎஸ்பிக்குக் குறையாத அதிகாரியின் அனுமதி வேண்டும். ஸ்டேஷனில் இருக்கிற பலருக்கே இது ஞாபகம் வராது, நீங்கள் ஞாபகப்படுத்தலாம்.

நான் அதிகம் பயப்படுவது போலீஸுக்கு அல்ல, ஸ்டேஷன் வாசலில் டீ குடித்துக்கொண்டு நிற்கிறவருக்கு. "உள்ளே பேசிட்டேன், பெட்டி கேஸ்தான், 75 போட்டு ஃபைன் கட்டிட்டுப் போயிரலாம்" என்பார். (75 என்பது பொது இடத்தில் கலாட்டா செய்ததாகப் போடும் போலீஸ் சட்டப் பிரிவு.) போகாதீர்கள். என்ன பிரிவு, என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது. ஃபைன் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத்தான் கணக்கு. இரண்டு வருஷம் கழித்துப் பாஸ்போர்ட்டுக்குப் போகும்போது அது எழுந்து நிற்கும். "சும்மாதான் கேட்கிறோம்" என்று வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்குவது அதைவிட மோசம். ஒருவர் என்னிடம் "கத்தி லைசென்ஸ்" என்று ஒரு காகிதம் கொண்டுவந்தார். பார்த்தால் அவருடைய ரேஷன் கார்டு ஜெராக்ஸ், மேலே ஒரு வட்ட முத்திரை. 3,500 கொடுத்திருந்தார். வக்கீல் வைக்கக் காசில்லை என்றால் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100-க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். புரோக்கரிடம் போகிற கூட்டத்தில் பாதி அங்கே போனால் எனக்கு இந்தப் பத்தியே எழுத வேண்டியிருக்காது.

போலீஸ் கத்தியை எடுத்துக்கொண்டால் எடுத்ததற்கு ரசீது கேளுங்கள். கைப்பற்றுவதை வீடியோ எடுக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது. கேமரா ரிப்பேர் என்பார்கள், பரவாயில்லை, கேளுங்கள். திரும்ப வாங்க மனுப் போட வேண்டும். முந்நூறு ரூபாய்க் கத்திக்கு ஐந்து வாய்தா நடக்க உங்களுக்குப் பஸ் காசே ஐந்நூறு ஆகும். என் யோசனை, புதுசு ஒன்று பில்லோடு வாங்கிவிடுங்கள். 2021-ல் இருந்து அருவாள் வாங்குகிறவர் பெயரையும் விலாசத்தையும் எழுதிவைக்கும்படி பட்டறைக்காரர்களிடம் போலீஸ் கேட்டுவருகிறது. பில் இருப்பது உங்களுக்கும் நல்லது. ஆன்லைனில் "தற்காப்புக் கத்தி" என்று ஏடிஎம் கார்டு வடிவில் விற்கிறார்களே, அதைப் பேரன் ஆசைப்பட்டாலும் வாங்காதீர்கள். தற்காப்புக்கு என்று பெட்டியிலேயே அச்சடித்துத் தந்த பிறகு விவசாயத்துக்கு என்று நான் எப்படிச் சொல்வது?

சட்டைப்பை வேண்டாம், இடுப்பும் வேண்டாம். ஒட்டு நாடா, கத்தரி, கயிறு கிடக்கிற பையிலேயே கத்தியும் கிடக்கட்டும். பையைத் திறந்து பார்க்கிற எவருக்கும் வேலை என்ன என்று தெரிந்துவிடும். பஸ்ஸுக்குள் விரிக்க வேண்டாம். கட்டாயம் எடுக்க வேண்டுமென்றால் பழத்தை முதலில் வெளியே எடுங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் "பழம் நறுக்கணும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், அப்புறம் கத்தி. வாக்குவாதம் வந்தால் மடக்கிப் பைக்குள் போட்ட பிறகு வாயைத் திறங்கள். கோர்ட்டுக்கோ, கலெக்டர் ஆபீஸுக்கோ, வாகைக்குளம் விமான நிலையத்துக்கோ போகிற அன்று கத்தி வீட்டில் இருக்கட்டும்.

அந்த வீடியோ பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தால் அட்மினைப் பிடித்து நீக்கச் சொல்லுங்கள். அவதூறு வழக்கு என்றால் வருஷக்கணக்கில் இழுக்கும், இப்போதைக்கு வேண்டாம்.

உங்கள் "தெரிந்தவர்" மீதிப் பணத்துக்கு வந்தால், எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவில் லைசென்ஸ் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டார். கொடுத்த 1,500 வருமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.